கூண்டு அண்ணாச்சி மலைக்குப் போன மாதம்

நாற்பதுகளில் தூத்துக்குடிக்குள் நுழைந்த காற்று, மழை, வெயில் மூன்றும் கூண்டு அண்ணாச்சியிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நுழைந்தன என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்ப வேண்டாம். அந்த ஊரில் பாதிப் பேர் நம்பினார்கள். எனக்கு அது போதும்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கடற்கரைக் கொடிமரத்தில் புயல் கூண்டு ஏற்றுகிற உத்தியோகம். வங்காள விரிகுடாவில் எங்கேயோ காற்று சுழல்கிறது என்று மெட்ராசிலிருந்து தந்தி வரும். உடனே மூங்கிலில் பின்னித் தார் பூசிய கறுப்புக் கூண்டைக் கயிற்றில் கட்டி உச்சிக்கு இழுக்க வேண்டும். எங்கள் கரையில் ஆழம் கிடையாது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நிற்கும். தோணிகள்தான் மூட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கூண்டு ஏறிவிட்டால் ஒரு தோணியும் நகராது. ஆகவே அண்ணாச்சி ஒரு கயிற்றை இழுத்தால் ஊர் முழுக்கத் துண்டை விரித்துப் படுத்துவிடும்.

கொடிமரத்துக்கு எதிரே ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் டைப்பு அடித்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் அண்ணாச்சியைப் பார்க்க வந்து நிற்கிற கூட்டம் தெரியும். கருவாடு காயப்போடுகிறவர்கள், வீட்டுக்குத் தளம் போடுகிறவர்கள், வடகம் பிழிய மாவு கிண்டி வைத்துவிட்டு ஓடிவரும் பெண்கள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு வடகம் போடலாமா?"

"போடு தாயி. வெள்ளிக்கெழம மதியத்துக்குள்ள எடுத்துரு."

வெள்ளிக்கிழமை மதியம் தூறும். எப்படி என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

ஒருமுறை ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஜோசியரிடம் நாள் குறித்துவிட்டு நேராக இவரிடம் வந்தார்.

"பொருத்தமெல்லாம் பிரமாதம்னு ஜோசியரு சொல்லுதாரு அண்ணாச்சி."

"பொருத்தம் நிக்கும்வே. பந்தலு நிக்காது. ரெண்டு நாளு தள்ளிப் போடும்."

தள்ளிப் போட்டார்கள். முதலில் குறித்த அந்த நாளில் அடித்த காற்றில் பக்கத்துத் தெருவில் நடந்த கல்யாணத்தின் பந்தல், வாழைமரம் இரண்டோடும் நாதஸ்வரக்காரரின் தலைப்பாகையோடும் கிளம்பி உப்பளத்தில் போய் இறங்கியது. ஜோசியர் அதற்குப் பிறகு முகூர்த்தம் குறிக்கும்போதெல்லாம், "எதுக்கும் கொடிமரத்துல ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் சீமையிலிருந்து புத்தம்புதிய காற்றழுத்தமானி வரவழைத்து அண்ணாச்சியிடம் பெருமையாகக் காட்டினார். அண்ணாச்சி வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் இரண்டு விரலால் அதைத் தொட்டார். "தொர, இதுக்கு மேலுக்குச் சொகமில்ல" என்றார். துரை விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த வாரம் அந்தக் கருவி பழுதுபார்க்க மெட்ராசுக்கு ரயிலேறியது.

இப்படிப்பட்ட மனிதர் ஊரை விட்டு எங்கும் போகமாட்டார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பற்றி யாரும் வேடிக்கை பேசமாட்டார்கள். நான் வேலைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்னால் மகனுக்கு மொட்டை போட ஒருநாள் திருச்செந்தூர் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்துத் திடீரென்று காற்று எழும்பியது. நான்கு பேரோடு போன ஒரு தோணி கவிழ்ந்தது. மூன்று பேர் பலகையைப் பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார்கள். தந்தியே வராத காற்று அது. அண்ணாச்சி ஊரில் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று கரையேறிய மூன்று பேருமே அவரிடம் வந்து சொன்னார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எனக்கு மூக்குல தெரிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொன்னாராம். அதற்கப்புறம் அவர் போன அதிகபட்ச தூரம் ரயில்வே கேட்.

இவருக்குத்தான் பகதூர் என்று ஒரு சிநேகிதர் வாய்த்தார்.

கொடிமரத்தை ஒட்டி ஒரு பஞ்சு கிட்டங்கி, சரக்கு வைக்கிற கிடங்கு. அதற்குக் காவல் கூர்க்கா பகதூர். டார்ஜிலிங்கில் ரயிலை விட்டு இறங்கி, அங்கிருந்து மூன்று நாள் நடந்து, நேபாள எல்லைக்குள் போனால் வருகிற ஒரு மலைக்கிராமம் அவருடைய ஊர். தூத்துக்குடிக்கு வந்த முதல் நாள் காலையில் உப்பளத்துப் பக்கம் போனவர், வெயில் பட்டு மின்னிய உப்புக் குவியல்களைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். வழியில் போன அண்ணாச்சி, வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பகதூர் அதைக் குடித்துவிட்டு, உப்பைக் காட்டி, பிறகு கையை வானத்துக்கு உயர்த்தி, இதைப் போல ஆயிரம் மடங்கு என்று ஜாடை காட்டினார். அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மறுநாள் காலையில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். அந்த டீ பன்னிரண்டு வருஷம் நடந்தது.

பகதூர் தமிழ் கற்றுக்கொண்டது தோணிக்காரர்களிடம். ஆகவே யாரைப் பார்த்தாலும் "ஏலே"தான். "ஏலே மொதலாளி, சலாம்" என்று விறைப்பாக நின்று அவர் சல்யூட் அடிப்பதைப் பார்க்கவே முதலாளி கிட்டங்கிப் பக்கம் அடிக்கடி வருவார்.

தமிழ் வந்த பிறகு மலை தினமும் வந்தது. பகதூரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மேடு. அங்கே நின்றால் எதிரே பனி மூடிய மலை. காலையில் ரோஜா நிறம், மத்தியானம் வெள்ளி, சாயங்காலம் தாமிரம். அண்ணாச்சி பிறந்ததிலிருந்து தட்டையான கடலையும் தட்டையான மணலையும் பார்த்தவர். இதைக் கேட்டு வாய் பிளந்து உட்கார்ந்திருப்பார். "அவ்வளவு ஒசரத்துல ஒரு கொடிமரம் நட்டா இலங்கைக்கே தெரியும்வே" என்பார்.

உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த காலத்தில் பகதூரின் கண்ணில் ஏதோ ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம், "யாருலே அது, நில்லு" என்று கத்தி அவர் பிடித்து நிறுத்தியது ஒரு கழுதை. மறுவாரம் விளக்குக் கம்பத்துக்கு சல்யூட் அடித்தார். அதற்கு அடுத்த வாரம் முதலாளியையே கழுத்தைப் பிடித்து, "நீ யாருலே?" என்று கேட்டுவிட்டார். முதலாளி நல்ல மனுஷர். டாக்டரிடம் கூட்டிப் போனார். கண் நரம்பு வாடிக்கொண்டு வருகிறது, இதற்கு மருந்து இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பகதூர் ஊருக்குக் கிளம்பினார்.

ஸ்டேஷன் போகிற வழியில் கொடிமரத்தடியில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, எங்க ஊருக்கு வாரும். கண்ணு இருக்கும்போதே உமக்கு மலையைக் காட்டுதேன்."

"வாரேம்வே. நல்ல சீசன் எதுன்னு பாத்துட்டுக் கண்டிப்பா வாரேன்."

இந்தச் சீசனில்தான் வந்தது வினை.

திருநெல்வேலிச் சீமையில் சீசன் என்றால் குற்றாலம், மலை என்றாலும் குற்றாலம். அண்ணாச்சி யாரைக் கேட்டாலும், "மலையா? ஆனி, ஆடிதான். சாரல் அடிக்கும், அருவியில தண்ணி கொட்டும்" என்றார்கள். "அங்கன அருவி கெடையாதுவே, பனி" என்றால், "அப்ப எண்ணெ தேச்சிக் குளிக்க முடியாதா?" என்று வருத்தப்பட்டார்கள். சாயர்புரத்து வாத்தியார் ஒருவர் கொடைக்கானல் போய் நான்கு நாள் இருந்து வந்தவர். மலை விஷயத்தில் எங்கள் வட்டாரத்திலேயே பெரிய அதிகாரி அவர்தான். அவரைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். "நான் நாலு நாளும் ஜுரத்தில் படுத்திருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்த அளவில் நல்ல சீசன்தான்" என்றார்.

சரி, பகதூரையே கேட்போம் என்று அண்ணாச்சி முடிவு செய்தார். இங்கேதான் நான் வருகிறேன். பகதூருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் இந்தியில் எழுதுவார். தேசபக்தியின் வேகத்தில் நான் இந்திப் பரீட்சை இரண்டு எழுதி, ஒன்றில் தேறியிருந்தேன். கடற்கரை ரோடு முழுக்க இந்தி தெரிந்த ஒரே ஆள் என்று அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். என் இந்தியில் ராஜா, மந்திரி, தோட்டம், மாம்பழம் ஆகிய நான்கும் சரளமாக வரும். சீதோஷ்ணம் பாடத்தில் இல்லை.

கடிதம் போய்ச்சேர ஒன்றரை மாதம், பதில் வர ஒன்றரை மாதம். 'வானம் கண்ணாடியாக இருக்கிறது, உடனே புறப்படு' என்று ஐப்பசியில் எழுதியது மார்கழியில் வரும். 'குளிர் கொல்கிறது, வராதே' என்று தையில் எழுதியது பங்குனி வெயிலில் வரும்.

"தம்பி, கப்பலு முங்குனப் பொறவு கூண்டு ஏத்துன மாதிரில்லா இருக்கு" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு கடிதத்தில் மழைக்காலத்தைப் பற்றி நீளமாக எழுதியிருந்தது. அதில் 'ஜோங்க்' என்று ஒரு வார்த்தை. எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அர்த்தத்தை யூகித்துப் படித்தேன்.

"'மழைக்காலத்துல வழி பூரா ஜோங்க் வருவாங்க. வந்து காலைப் பிடிச்சுக்குவாங்க. லேசுல விடமாட்டாங்க.'"

"யாருடே அது ஜோங்க்?"

"சொந்தக்காரங்களா இருக்கும் அண்ணாச்சி."

அண்ணாச்சி யோசித்தார். "கால்ல விழுந்து கும்புடுத ஆளுகளா? மரியாதை தெரிஞ்ச குடும்பம்தான்" என்றார்.

கொடிமரத்தடியில் இருந்த அவருடைய சின்ன அறையில் ஒரு பெரிய தாளை ஒட்டினார். பன்னிரண்டு மாதமும் வரிசையாக எழுதி, எதிரே 'அங்கன', 'இங்கன' என்று இரண்டு பத்தி. அங்கே வானம் தெளிவாக இருக்கிற ஐப்பசி, கார்த்திகையில் இங்கே புயல் மாதம். கொடிமரத்தை விட முடியாது. மார்கழி, தையில் அங்கே நீர் உறைகிறது. மாசி, பங்குனியில் அங்கே காட்டுத்தீப் புகை. இங்கே சங்கு குளிக்கப் போகிறவர்கள் கடலுக்குள் இருப்பார்கள். சித்திரை, வைகாசியில் அங்கே ஆலங்கட்டி. இங்கே கோடைப் புயல். ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை இங்கே வெறும் மேல்காற்று, புயல் பயமே இல்லை, தாராளமாகக் கிளம்பலாம். ஆனால் அங்கே நான்கு மாதமும் அடைமழை, மலைச்சரிவு, மேகம், ஜோங்க்.

பன்னிரண்டு மாதத்திலும் ஏதாவது ஒரு பக்கம் பெருக்கல் குறி. அண்ணாச்சி அந்தத் தாளை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் சிரித்தது. "அண்ணாச்சி, பதிமூணாவதா ஒரு மாசத்தைக் கண்டுபிடிச்சிட்டுக் கெளம்புங்க" என்று தோணிக்காரர்கள் போகிற போக்கில் சொல்லிப் போவார்கள். நானும் சிரித்தவன்தான்.

சண்டை முடிந்து கொஞ்ச காலம் கழித்து, வைகாசிக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. வழக்கமான கடிதம் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் தானாகவே எழுதியிருந்தார். வார்த்தைகள் எல்லாம் எளிதாக இருந்தன. யூகிக்க ஒன்றும் இல்லை.

'பகதூருக்கு இதை எழுதுவது தெரியாது. வலது கண் போய்விட்டது. இடது கண்ணுக்குப் பகல், இரவு தெரியும். என்னைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். தினமும் மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, தெற்கேயிருந்து என் சிநேகிதர் வருவார், காற்றைப் பற்றி எல்லாம் தெரிந்தவர், நல்ல மாதமாகப் பார்த்து வருவார் என்று சொல்கிறார்.'

நான் படித்து முடித்தேன். அண்ணாச்சி கொஞ்ச நேரம் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அதைப் பிய்த்தார். கோபமாக இல்லை. நான்கு மூலையிலும் பசையை நகத்தால் சுரண்டி, மெதுவாக எடுத்து, மடித்து என்னிடம் கொடுத்தார்.

"இதுக்குப் பின்னால வெள்ளையாத்தான் இருக்கு. ஒரு லீவு லெட்டர் எழுதுடே."

"எப்ப கெளம்புதீங்க அண்ணாச்சி?"

"நாளன்னைக்கு."

அவர் மனைவியை நான் மதினி என்று கூப்பிடுவேன். மதினிக்குத் தலை சுற்றியது.

"ஏங்க, ரெண்டு வருசமா நாளு பாத்துட்டு இப்ப போயி கொட்டுத மழையில போறேங்கிய. மேகத்துக்குள்ள போயி என்னத்தைப் பாப்பிய?"

"பகதூரைப் பாப்பேன்" என்றார் அண்ணாச்சி.

மதினி எழுந்து கடைக்குப் போனார். முந்திரிப் பருப்பில் செய்கிற எங்கள் ஊர் மக்ரூன் வாங்கி டின்னில் அடைக்க ஆரம்பித்தார்.

அடுத்த ஒன்றரை நாளில் தூத்துக்குடி முழுக்கக் கம்பளித் துணி தேடப்பட்டது. அந்த ஊரில் போர்வை என்பதே ஆடம்பரம். கம்பளிக்கு எங்கே போவது? சாயர்புரத்து வாத்தியார் ஜுரத்தில் போட்டிருந்த ஸ்வெட்டரை அனுப்பினார். ஒரு கப்பல் மாலுமி தன் பழைய நீளக் கோட்டைக் கொடுத்தார். அது அண்ணாச்சிக்கு முழங்கால் வரை வர வேண்டியது, கணுக்கால் வரை வந்தது. தலைக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் துரை வீட்டுச் சமையற்காரர் கம்பளி நூலில் பின்னிய ஒரு குல்லாவைக் கொண்டுவந்தார். பச்சையும் மஞ்சளுமாக, உச்சியில் குஞ்சம் வைத்து அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் ஓட்டை எதற்கு என்று கேட்டேன். "காதுக்கு" என்றார் சமையற்காரர். அது டீ ஆறாமல் இருக்கக் கெட்டிலுக்குப் போடுகிற உறை என்று எனக்குப் பல வருஷம் கழித்துத் தெரிந்தது. ஒரு ஓட்டை மூக்குக்கு, ஒரு ஓட்டை கைப்பிடிக்கு.

மக்ரூன் டின் இரண்டு. ஒன்று பகதூருக்கு. இன்னொன்று, வழியில் காலில் விழப்போகிற ஜோங்க்மார்களுக்கு.

கிளம்புவதற்கு முன் என்னைக் கொடிமரத்தடிக்குக் கூட்டிப்போனார். லீவுக்கு ஒரு மாற்று ஆளைப் போட்டிருந்தார்கள். "அவன் தந்தியைப் பாப்பான். நீ வானத்தைப் பாரு" என்றார். "என்னத்தைப் பாக்கணும் அண்ணாச்சி?" என்று கேட்டேன். "காத்து மேக்கேயிருந்து அடிக்கவரைக்கும் ஒண்ணுமில்ல. திடீர்னு நின்னு, கடலு எண்ணெ தடவுன மாதிரி கெடந்தா, ஓடிப்போயி தோணிக்காரங்ககிட்ட சொல்லு. சிரிச்சா சிரிக்கட்டும்." அவருடைய கை என் தோளை அழுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு வருஷமும் அவரைக் கட்டிப்போட்டிருந்தது குளிரோ மழையோ அல்ல என்று எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அவர் போய் நாற்பத்து மூன்று நாள் ஆயிற்று. நான் ஒரு நாள்கூட நிம்மதியாக டைப்பு அடிக்கவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்ப்பேன். மானேஜர் என் கழுத்தில் சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தார். ஒருநாள் மத்தியானம் காற்று நின்றது. நான் எழுந்து ஓடி, கரையில் நின்ற தோணிக்காரர்களிடம், "போகாதீங்க, போகாதீங்க" என்று கத்தினேன். இரண்டு நிமிஷத்தில் காற்று திரும்ப வந்தது. அவர்கள் சிரிக்கவில்லை. வயதான ஒருவர், "அண்ணாச்சி சொல்லிட்டுப் போனாரா?" என்று கேட்டுவிட்டு, ஒரு அரை மணி நேரம் எனக்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்.

நாற்பத்து நான்காம் நாள் காலை, அண்ணாச்சி கொடிமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். இளைத்திருந்தார். முதல் காரியமாக வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். கால் முழுக்கக் கறுப்பு கறுப்பாகத் தழும்பு.

"ஏலே, ஜோங்க்னா அட்டைடே."

நான் தலை குனிந்தேன்.

"மக்ரூன் டின்னத் தொறந்து வச்சிக்கிட்டு, எங்கடா சொந்தக்காரங்களைக் காணுமேன்னு நின்னேன். பாத்தா ரத்தம் ஒழுகுது."

பாதி வழியில் மலை சரிந்து டார்ஜிலிங்குக்கு ஏறுகிற சின்ன ரயில் நின்றுவிட்டது, மூன்று நாள் நடை ஐந்து நாள் ஆனது, மாலுமியின் கோட்டு நனைந்து இரண்டு ஆள் கனம் கனத்தது, ஒரு ஓடையில் அது அவரை விட்டு நீங்கிப் போயிற்று, வழி நெடுக அவர் தலையைப் பார்த்த குழந்தைகள் பின்னாலேயே வந்தார்கள். எல்லாம் சொன்னார். நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"மலை எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"எங்கடே பாத்தேன்? போன அன்னைக்கு மூடுன மேகம் கெளம்புத வரைக்கும் வெலகல. பதினோரு நாளு. முன்னால நிக்கிற மாடு தெரியல, மலையா தெரியும்?"

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அண்ணாச்சியின் முகம் வாடியிருக்கவில்லை.

"வாசல்ல போயி நின்னு, 'என்னவே, சொகமா'ன்னு கேட்டேன். 'ஏலே அண்ணாச்சி'ன்னான்."

"அப்புறம்?"

"தெனமும் காலைல சாயா குடிச்சிட்டு அந்த மேட்டுக்குக் கூட்டிட்டுப் போவான். நான்லாம் அவனைக் கூட்டிட்டுப் போகல. அந்த வழுக்குப் பாதையில அவனுக்குக் கண்ணு வேண்டாம். எனக்குக் கண்ணு இருந்தும் பிரயோசனம் இல்ல. பாறையில உக்கார வச்சி, கையை நீட்டி, 'இந்தா பாரும், என் வெரலு போற பக்கம். நடுவுல ஒரு கொம்பு. அதுக்கு எடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சாப்புல இன்னொண்ணு. வெயிலு மொதல்ல தொடுதது இதைத்தான்' அப்படின்னு ஒவ்வொண்ணாக் காட்டுவான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வெறும் வெள்ளையா இருக்குவேன்னேன். 'எனக்கும் அப்படித்தான் இருக்கு, அதுக்கென்ன, பாரும்'னான். பாத்தேன்." அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சுது தம்பி. ஐப்பசியில போயிருந்தேன்னு வையி, நான் மலையைப் பாத்திருப்பேன். அவன் பக்கத்துல ஒத்தையில உக்காந்திருப்பான்."

அதற்கப்புறம் கொடிமரத்தடி அறையின் சுவரில் சாக்குக்கட்டியால் ஒரு மலை இருந்தது. ஐந்து கொம்பு. வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணாச்சி பிரம்பை வைத்து விளக்குவார். வெயில் எதில் முதலில் விழும், எதில் கடைசியாக இறங்கும் என்பது வரை. சாயர்புரத்து வாத்தியார் எங்கேயோ ஒரு காலண்டர் படம் வாங்கிவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. "கடைசிக் கொம்பை மட்டும் கொஞ்சம் குட்டையாகப் போட்டுவிட்டீர்கள்" என்றார்.

"காலண்டருகாரன் தப்பா எடுத்திருக்கான்" என்றார் அண்ணாச்சி.

மறுவருஷம் என்னை மெட்ராஸ் ஆபீசுக்கு மாற்றினார்கள். போன புதிதில் எனக்கு அந்த ஊர் பிடிக்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. முதல் மாதமே அண்ணாச்சியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மதினி நலம், தோணிகள் நலம், பகதூர் பேரப்பிள்ளை எடுத்திருக்கிறான் என்று எழுதிவிட்டு, கீழே ஒரு வரி: 'இங்கன இப்ப சீசன் நல்லா இருக்கு. கெளம்பி வா.'

அடுத்த மாதக் கார்டிலும் அதே வரி. மார்கழியில், மாசியில், அனல் பறக்கிற சித்திரையில், புழுதி பறக்கிற ஆடியில், எல்லாவற்றிலும் அதே வரி. பிறகு ஒரு ஐப்பசியில் வந்த கார்டைக் கையில் வைத்துக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். வங்கக் கடலில் புயல், தூத்துக்குடியில் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தது. கார்டைத் திருப்பிப் பார்த்தேன். சீசன் நல்லா இருக்கு, கெளம்பி வா.

அன்று சாயங்கால வண்டிக்கே கிளம்பினேன்.